போலீஸ் வரும், வெளியே வா

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு பழைய வீடு இருக்கிறது. தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை ஒளித்துவைத்து, இருட்டியதும் வடக்கே அனுப்பிய வீடு. ஐந்து வயது மகளுக்கு அதைக் காட்டலாமா, பயந்துவிடுவாளா என்று ஒரு வாரம் யோசித்தேன். காட்டாவிட்டால் நான் என்ன அம்மா என்று இன்னொரு வாரம். அதற்குள் கணவர் டிக்கெட் வாங்கிவிட்டார்.

"இதுக்கு மேல யோசிச்சா ரீஃபண்ட் கிடையாது" என்றார்.

சுற்றிக் காட்டிய அமெரிக்க அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சமையலறைச் சுவரில் ஒரு பலகையை நகர்த்தினார். உள்ளே, பீரோ அளவுக்கு இருட்டு. பிடிக்க வந்தவர்கள் கதவைத் தட்டும்போது தாயும் பிள்ளைகளும் இதற்குள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்றார். எல்லோரும் உருகினார்கள். நானும் உருகத்தான் பார்த்தேன். ஆனால் பல் தேய்க்கச் சொன்னாலே ஊரைக் கூட்டும் என் மகளோடு அங்கே ஒளிந்திருந்தால் அத்தனை பேரும் மாட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

குழந்தைகள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார். போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்தன. என்னுடையது வரவில்லை. அடுத்த குழு வந்து வாசலில் நின்றது.

"வாடா கண்ணு, எல்லாரும் வெயிட் பண்றாங்க."

"நோ."

பதற்றத்தில், தட்டில் சோறு மிஞ்சும்போதெல்லாம் வாயில் வருவது வந்துவிட்டது. "இப்ப வெளிய வரலன்னா போலீஸ் வந்து புடிச்சிட்டுப் போயிடும்!"

எங்கே நின்றுகொண்டு எதைச் சொன்னேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மகள் பலகையை உள்ளேயிருந்து இழுத்து மூடிக்கொண்டாள்.

என்ன சொன்னீர்கள் என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் ஆவலாகக் கேட்டார். லன்ச்சுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சமாளிக்க ஆரம்பிப்பதற்குள் கணவர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துவிட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "அப்படியென்றால் அவள் செய்வதுதான் சரி" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். இத்தனை வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் பிடிக்க வந்த ஆள் நான்தான்.

வேறு வழியில்லாமல் மண்டியிட்டு, பலகையை விலக்கி, தலையை உள்ளே நுழைத்தேன்.

"ஆர் தே கமிங்?" என்று கிசுகிசுத்தாள்.

"யாரும் வரலடா. அம்மா சும்மா சொன்னேன்."

"சாப்பிடலைன்னா?" அழுகைக்கு முன்னால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"அப்பவும் வராது."

"எவர்?"

யோசித்தேன். தயிர்சாதம், பல், ஐபேட், தூக்கம் என்று எங்கள் வீடே அந்தப் போலீஸை நம்பித்தான் ஓடுகிறது. அவரை வேலையிலிருந்து நீக்கினால் நான் என்ன செய்வேன்? அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"எப்பவும் வராது. ப்ராமிஸ்."

வந்துவிட்டாள்.

பார்க்கிங்கில் சீட் பெல்ட் போட மாட்டேன் என்றாள்.

"பெல்ட் போடலன்னா போலீஸ்..." என்று கணவர் தொடங்க, நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

"ஏய், இது நெஜம்டி! ஃபைன் போட்டு டிக்கெட் குடுப்பான்!"

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் எஞ்சினை அணைத்தார். பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கடைசி வண்டியும் போன பிறகு, பின்சீட்டிலிருந்து பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது.