ஓர்லிந்தாவின் மட்கார்டு

எலோய் ஊராருக்கு நசுங்கலை நிமிர்த்திப் பெயின்ட் அடித்துக் கொடுத்த கார்களுக்குக் கணக்கில்லை. தனக்கென்று செய்துகொண்டது ஒன்றே ஒன்று, அறுபத்துநாலாம் வருஷத்து இம்பாலா. எஸ்பனோலாப் பள்ளத்தாக்கில் அந்தக் காரைத் தெரியாதவர் கிடையாது. பழுத்த பிளம்ஸ் நிறத்தில், தரையோடு தரையாகப் பதுங்கிப் போகும். எலோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. முன்விளக்கில் கையை வைத்துப் பின்விளக்குவரை தடவிக்கொண்டே போனால் கை எந்த இடத்திலும் தடுக்கக் கூடாது. அதற்காகப் பெயர் எழுத்துகளைப் பிடுங்கினார். கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்கினார். டிக்கிப் பூட்டைப் பிடுங்கினார். கடைசியில் வலது மட்கார்டில் நின்ற ரேடியோ ஆன்டெனாவையும் பிடுங்கி, அந்த ஓட்டையில் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்துவிட்டார். நடந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அப்புறம் ரேடியோ எப்படி எடுக்கும் என்று யாரோ கேட்டதற்கு, "பாட்டு வேணும்னா வீட்ல உக்காந்து கேளு. இது பாக்கறதுக்கு" என்றார்.

அந்த மட்கார்டைத் தேய்த்தவள் அவர் மனைவி ஓர்லிந்தா. மூன்று மாதம் தேய்த்தாள். பட்டி வைப்பது, காய விடுவது, உப்புத்தாளால் தேய்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது, மறுபடி பட்டி வைப்பது. தகரத்தின் மேடு பள்ளம் கண்ணுக்குப் பிடிபடாது, கைக்குத்தான் பிடிபடும். எலோயின் கைக்குத் தப்பியதும் அவள் கைக்குத் தப்பாது.

"கெழவா, இங்க ஒரு பள்ளம் இருக்கு."

"எங்க? ஒண்ணும் இல்லியே."

"உன் கை மரத்துப் போச்சு. தள்ளு."

அப்போது இருவருக்கும் நாற்பதுகூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமான மறுவருஷமே புருஷன் கெழவன், பெண்டாட்டி கெழவி. கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒருநாள் உண்மையாகிவிடுகிறது.

உண்மையாகித்தான் விட்டது. சர்க்கரை நோய் முதலில் ஓர்லிந்தாவின் கண்ணைத் தின்றது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அப்புறம் சிறுநீரகத்துக்கு வந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சான்ட்டா ஃபே நகரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். குளிர்காலத்தில் பழைய லாரியின் கியர்பெட்டி கையை விரித்துவிட்டது. வீட்டில் ஓடக்கூடியதாக மிச்சம் இருந்தது இம்பாலாதான். ஈஸ்டர் அன்றைக்கு மட்டும் துணியை விலக்கி ஊர்வலம் விட்ட கார், வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி வண்டியாயிற்று.

போக நாற்பது நிமிஷம். வண்டி நிறுத்துமிடத்தில் நாலு மணி நேரம். வர நாற்பது நிமிஷம். வரும்போது அவள் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்து தூங்குவாள். எலோய்க்கு அறுபத்தொன்பது வயது. பெயின்ட் புகையைக் குடித்த நெஞ்சு, மண்டிபோட்டே தேய்ந்த முழங்கால். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, பச்சை விழாமல் இப்படியே இருந்துவிட்டால் தேவலை என்று தோன்றும் அளவுக்குக் களைத்துப்போயிருந்தார். வெளியே சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஓர்லிந்தாவுக்கு இந்தப் பயணத்தில் ஒரே குறை ரேடியோ. காலை பத்து மணிக்குப் பள்ளத்தாக்கின் ரேடியோவில் சாவுச் செய்தி படிப்பார்கள். இன்னார் இறந்தார், செபமாலை இன்ன கோயிலில், அடக்கம் இன்ன நேரம். ஒரு சாவை ஒரு நாள்தான் படிப்பார்கள். ரேடியோவில் படித்துவிட்டால் வீடு வீடாகப் போய்ச் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் யாரும் யாருக்கும் போன் செய்து சொல்வதில்லை. கேட்டிருப்பாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மற்ற நாளில் சமையலறை ரேடியோ முன்னால் காபியோடு உட்கார்ந்துவிடுவாள். செவ்வாய், வியாழன், சனியில் பத்து மணிக்கு அவர்கள் குன்றுகளுக்கு நடுவே சாலையில் இருப்பார்கள். கார் ரேடியோ எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரியும்.

எலோயும் சும்மா இருக்கவில்லை. ஆனால் செய்ததெல்லாம் ஒளித்துத்தான் செய்தார். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு குட்டி ஆன்டெனாவைக் கட்டிப் பார்த்தார். சுற்றிலும் இரும்பு, என்னத்தை எடுக்கும்? பின் பம்பருக்குள் கம்பியை இழுத்துப் பார்த்தார். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் ரேடியோவுக்குள் வந்து ஒப்பாரி வைத்தது. சத்தத்தைப் பெருக்கும் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினார். அது பொரியலைத்தான் பெருக்கியது. முன்கண்ணாடி ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு கம்பியை ஒட்டினார். அதுமட்டும் போவாகே ஊர்வரை பேசியது, குன்று வந்ததும் வாயை மூடிக்கொண்டது.

"நல்லா சுத்துனா இன்னும் எடுக்கும்" என்று குமிழைத் திருகுவார்.

"விடு கெழவா. ரோட்டப் பாரு. ரெண்டு பேர்ல ஒருத்தராவது பாக்கணும்ல."

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. குன்றுக்கு நடுவே ரேடியோ யாரோ ஒருவர் பெயரைப் பாதி சொல்லிவிட்டுக் கரகரத்தது. ஓர்லிந்தா காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். "என்ன பேரு சொன்னாங்க?" என்றாள். "தெரியல. மலை மேல யாரோ" என்றார் எலோய். அவருக்கு முதல்நாள் இரவு தூக்கம் கிடையாது. அதற்குமேல் அவர் அதை மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் எலோய் பெட்ரோல் போட நின்ற இடத்தில், கறுப்புக் கோட்டும் புதைகுழி மண் ஒட்டிய பூட்ஸுமாக ஒருவன் வந்தான். மலை மேல் த்ருச்சாஸ் கிராமத்துச் சிப்ரியானாவின் மகன். சிப்ரியானா, வெளியூரில் இருக்கும் ஓர்லிந்தாவின் ஒரே மகளுக்கு ஞானத்தாய். தோழிகள் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வருஷம் கல்யாணம். ஓர்லிந்தாவின் மகள் பிறந்தபோது நாற்பது நாள் கூடவே இருந்து பார்த்தவள்.

"ஏன் மாமா வரல? அம்மாவ இப்பத்தான் பொதைச்சிட்டு வரோம். ஓர்லிந்தா அத்தை வருவாங்கன்னு பெட்டிய மூடாம பத்து நிமிஷம் வச்சிருந்தோம்."

எலோய் பெட்ரோல் குழாயைத் திரும்ப மாட்டினார். "எங்களுக்குத் தெரியாதுப்பா" என்றார்.

"சனிக்கிழமை ரேடியோல சொன்னோமே!" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை, குழம்பிப்போய்ச் சொன்னான். அது இன்னும் மோசமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். ஓர்லிந்தா அழவில்லை. மேஜைமேல் இருந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டிக் கூட்டி ஓரிடத்தில் சேர்த்தாள்.

"பெட்டிய மூடாம வச்சிருந்தாங்களா?"

"பத்து நிமிஷம்."

"நான் போயிருந்தாலும் மொகத்தப் பாத்திருக்க முடியாது" என்றாள். துணுக்குகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, "கையத் தொட்டிருப்பேன்" என்றாள்.

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எலோய்க்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள், அவளை ஆஸ்பத்திரியில் விட்ட கையோடு ஒனோஃப்ரேயிடம் போனார். டயர் கடைக்குப் பின்னால் ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கும் ஆள், எலோயோடு சின்ன வயதிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வளர்ந்தவர். காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். சிரித்தார்.

"டேய் எலோய், அடிப்பக்கம்கூட பெயின்ட் அடிச்சு பாலீஷ் போட்டு வச்சிருக்க. யார்ரா அங்க பாக்கப் போறா, தவளையா?"

"என் கார், நான் அடிப்பேன். ரேடியோவப் பத்திச் சொல்லு."

"அதத்தாண்டா சொல்றேன். ஆன்டெனாக்கு எர்த் வேணும். எர்த்துக்கு வெறும் இரும்பு வேணும். உன் கார்ல வெறும் இரும்பு எங்க இருக்கு? அரைவிரல் எடம்கூட விடாம பூசி மெழுகியிருக்க. நீ எத எங்க ஒளிச்சாலும் அது பெயின்ட்டுமேல உக்காந்துட்டு சும்மாதான் இருக்கும்."

"சொரண்டறேன். உள்ளுக்குள்ள சொரண்டி எர்த் குடுத்தா?"

"கொஞ்சம் நல்லா எடுக்கும். குன்று வந்தா போயிரும். ஒளிஞ்சிருக்கறவன் காதுல எது விழும்? கம்பி வெளிய நிக்கணும். ஒசரமா. மட்கார்டுல ஓட்டை போடு."

"அந்த மட்கார்டுலயா?"

ஒனோஃப்ரே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்த மட்கார்டு அவருக்கும் தெரியும். "வேற வழி இருந்தா சொல்ல மாட்டேனாடா" என்றார்.

புதன்கிழமை முழுக்க எலோய் வேறு வழி தேடினார். உள்ளே சுரண்டி எர்த் கொடுத்தார். கண்ணாடிக் கம்பியை மாற்றி ஒட்டினார். வியாழக்கிழமை போகும்போது குன்று வந்தது, ரேடியோ செத்தது. ஓர்லிந்தா கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பொரியலையே கேட்டுக்கொண்டு வந்தாள். அணைக்கச் சொல்லவில்லை. பாதியில் ஏதாவது பெயர் வந்துவிடுமோ என்று பயந்து கேட்பதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அவள் சமையலறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போது, எலோய் டிரில்லரைக் கொண்டுவந்தார். முன்பு ஈயம் ஊற்றிய இடத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த இடம் அது. டேப் ஒட்டிக் குறி வைத்தார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, அப்படியெல்லாம் கும்பிடுகிற ஆளல்ல. அழுத்தினார். பிளம்ஸ் நிறத் தூள் சுருள் சுருளாக வந்தது. பிறகு சாம்பல் நிறப் பட்டித் தூள், அப்புறம் பளபளவென்று ஈயம். அவர் பூசியதும் அவள் தேய்த்ததும் தலைகீழ் வரிசையில் திரும்பி வெளியே விழுந்தன. ஓட்டையின் அடிப்பக்கத்தை இரும்பு தெரியுமட்டும் உப்புத்தாளால் சுரண்டி, வாஷர் போட்டு, கம்பியை நிறுத்தி முறுக்கினார். ரேடியோவின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஸ்குரூவை ஒனோஃப்ரே சொல்லிக்கொடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, சத்தம் எங்கே கனமாகிறதோ அங்கே விட்டார். கண் கலங்கியது. வயதாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் கலங்குகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை. ஏறுவதற்கு முன்னால் ஓர்லிந்தா எப்போதும் முன்விளக்கில் கையை வைத்து, மட்கார்டைத் தடவிக்கொண்டே தன் பக்கக் கதவுக்கு வருவாள். கண் போனதிலிருந்து அதுதான் அவளுக்கு வழி. எலோய் பின்னால் நின்றார். கை வழுக்கிக்கொண்டு வந்தது, நின்றது. கம்பியை அடியில் பிடித்தாள். விரலால் மேலே மேலே போய் நுனிக் குமிழைத் தொட்டாள். மறுபடி அடிக்கு வந்து சுற்றிலும் தடவினாள்.

"யோவ் கெழவா. இது என் மட்கார்டு."

"தெரியும்."

"மூணு மாசம் தேச்சேன்."

"தெரியும் கெழவி."

அவள் கம்பியை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினாள். "சாஞ்சிருக்கு" என்றாள்.

"அப்படித்தான் வைக்கணும்."

"இல்ல. சாஞ்சிருக்கு. உன் கை மரத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

போவாகே தாண்டியது. குன்று வந்தது. ரேடியோ பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே வந்தது. பத்து மணிக்கு மூன்று சாவுச் செய்தி படித்தார்கள். ஒரு பெயர்கூடப் பிசிறவில்லை. மூவரும் தெரியாதவர்கள். எலோய் வெகுநாள் கழித்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நன்றி அறிவிப்பு. த்ருச்சாஸ் சிப்ரியானாவின் பிள்ளைகள், தங்கள் தாயின் செபமாலைக்கும் அடக்கத்துக்கும் நேரில் வந்து, பெட்டியைத் தொட்டு வழியனுப்பிய உறவினர், நண்பர், ஞான உறவுகள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. எலோயின் கை குமிழுக்குப் போயிற்று.

"அணைச்சிடட்டுமா?"

"வேணாம்" என்றாள் ஓர்லிந்தா. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. "நல்லா கேக்குது. இருக்கட்டும்."