பக்கத்து வரியைப் பார்த்தேன்

பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் ஃபெயிலாகி, கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தையோடு இருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வாழ வந்த வீட்டில் என் நாத்தனாரும் அதே பாடத்தில் ஃபெயில். தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு பேரும் ஒரு டுடோரியலில் சேர்ந்தோம். குழந்தையை நான் பார்த்துக்கிறேன் என்று மாமியாரே முன்வந்தார்.

பரீட்சை நெருங்கியதும் ரிவிஷன் ஆரம்பித்தது. ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்கும் பகுதிதான் எனக்கு எமன். தெரியாத வார்த்தை ஒன்று வந்தால் போதும், அங்கேயே நின்றுவிடுவேன். மேற்கொண்டு படிக்கவே ஓடாது.

அன்றைக்கு சார் கரும்பலகையில் எழுதிய பத்தியில், ஆற்றங்கரையில் ஒரு குதிரை. அது தண்ணீரில் இறங்க 'ரிலக்டன்ட்' ஆக இருந்ததாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வகுப்பே குனிந்துகொண்டது. வழக்கம்போல் நானும் குனிந்தேன். ஆனால் நோட்டில் பார்த்து எழுதியிருந்த பத்தியில் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. குதிரைக்காரன் கயிற்றை இழுத்தான், குதிரை பின்னால் போனது. இவ்வளவுதான், எல்லாம் தெரிந்த வார்த்தைகள்.

எழுந்து, "அதுக்கு இறங்க இஷ்டமில்ல சார்" என்றேன்.

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார். பக்கத்து வரியப் பார்த்தேன்."

சார் சாக்பீஸை என்னிடம் நீட்டி, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். முதல் முறையாகக் கரும்பலகை பக்கம் போய் நின்றேன். குதிரை பின்னால் போனது என்ற வரிக்குக் கீழே கோடு போட்டுக் காட்டினேன்.

அதற்கப்புறம் வீட்டில் நாத்தனாரும் நானும் அதுவரை மனப்பாடம் செய்துகொண்டிருந்த கைடை மூடி வைத்துவிட்டோம். முதல் வரியில் விஷயத்தைச் சொல்லு, மற்ற வரிகள் அதை விட்டு விலகக் கூடாது என்று சார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சமைக்கும்போதே வாக்கியம் அமைத்தோம். தப்பும் தவறுமாகத்தான். இருந்தாலும் எங்கள் சொந்த வாக்கியங்கள்.

பரீட்சையில் ஒரு திருவிழாவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். கைடில் இருந்தது பொங்கல். நான் பௌர்ணமியை எழுதினேன். பௌர்ணமியன்று எங்கள் தெரு தூங்காது என்பது முதல் வரி. கிரிவலம் போகிறவர்கள் தண்ணீர் கேட்பதையும், மாமியார் மத்தியானமே டிரம்மை நிரப்பி வைப்பதையும், விடிந்ததும் வாசலில் கிடக்கும் அறுந்த செருப்புகளையும் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினேன். பேனா எங்கேயும் நிற்கவில்லை.

ரிசல்ட் வந்த பேப்பரை பஸ் ஸ்டாண்ட் கடையில் கூட்டத்துக்குள் புகுந்து வாங்கியவள் நாத்தனார்தான். பாஸானவர்களின் நம்பர் மட்டும்தான் அதில் வரும். அங்கேயே தரையில் விரித்துப் பார்த்தாள்.

"அண்ணி, உங்க நம்பர் இருக்கு" என்றாள். அவள் நம்பரும் அதற்குக் கீழேயே இருந்தது.

இரண்டு பேரும் பேப்பரை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தோம். வழியில் யார் கேட்டாலும் நின்று சொன்னோம். கேட்காதவர்களிடமும் சொன்னோம்.