நீலம் வெளுத்த பால்

தொண்ணூறுகளில் புனேயில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பாலில் கிருமி பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் காலை தேஹு ரோட்டிலிருந்து ராணுவ டிப்போ சீருடையில் ஒருவர் வந்தார். உயரமான, ஒட்டிய கன்னமுள்ள மனிதர். கையிலிருந்த பால் பாட்டிலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், நீங்க தமிழாமே? எங்க வீட்டு எருமைப் பாலுதான். ஜல்தி பாத்துச் சொல்லுங்க."

பாலில் நீலச் சாயம் கலந்து சோதனைக்குழாயை வெதுவெதுப்பான நீரில் வைத்தேன். நல்ல பாலில் அந்த நீலம் மணிக்கணக்கில் நிற்கும். கிருமி மிகுந்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணிக்குள் வெளுத்துவிட்டது.

"இன்னொரு தடவை பாருங்க மேடம்."

பார்த்தேன். அப்போதும் அப்படித்தான்.

"காய்ச்சினா கிருமி செத்துடுமா?"

"செத்துடும்."

அவர் சுவரில் சாய்ந்தார். "பொண்ணு ஆஸ்பத்திரில நெனவில்லாம கெடக்கறா. கறந்த சூட்டோட குடிச்சா தெம்புன்னு தினம் நான்தான் குடுத்தேன்."

"இதை வச்சுப் பாலாலதான்னு சொல்ல முடியாதுங்க" என்றேன். அது உண்மைதான். அவர் நம்பவில்லை.

மீதிப் பாலைத் தொட்டியில் கொட்டினார். வெள்ளை முழுதும் போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். டாக்டரிடம் காட்ட முடிவுத்தாளை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. 'செத்துடும்' என்று அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.