யூலியானாவின் ஊர்க் கப்பல்

ஒஸ்லோ, புருசெத் ரயில் நிலையம். காலை எட்டு பத்து. என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் யூலியானா இந்தோனேசியத் தீவுக்காரர். யாழ்ப்பாணத்தவரை மணந்து மாமியாரிடம் தமிழ் படித்தவர். "உங்கட இந்தியத் தமிழ்தான் அண்ணை விளங்குறேல்லை" என்று என்னைச் சிரிக்க வைக்கிறார்.

அவருடைய ஊரில் இப்போது பிற்பகல் மூன்று பத்து. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் கப்பல் இன்று வந்திருக்கிறது. நர்சிங் படிக்க அவருடைய கடைசித் தங்கை அதில் ஏற வேண்டும்.

"நான்தான் போ போ எண்டு சொன்னனான். ஊரிலை வேலை இல்லை, கிராம்பு மட்டும்தான். இவளும் போனா வீட்டைப் பூட்ட வேணும்."

கைபேசி அதிர்கிறது. அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது இறங்குதுறையின் நுனியில் மட்டும். தங்கை அங்கிருந்து தன்னைத்தானே எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருக்கிறாள். கப்பல் தொலைவில் போய்க்கொண்டிருக்கிறது. தங்கை பையோடு துறையிலேயே நிற்கிறாள்.

"ஏறேல்லை" என்கிறார். பிறகு தன் மொழியில் கடுமையாகப் பேசிக் குரல்செய்தி அனுப்புகிறார்.

"என்ன சொன்னீங்க?"

"அடுத்த கப்பலிலை கட்டாயம் ஏற வேணும் எண்டு பேசினனான்."

படத்தை விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்க்கிறார்.

"இன்னும் பதினைஞ்சு நாள் வீடு திறந்திருக்கும், அண்ணை."