பித்தளைக் கழுத்தின் கோணல்

2009 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது. கச்சான் காற்று விடியும் முன்பே தொடங்கிவிட்டது. கல்லடியில் என் பட்டறைக் கூரையின் துருப்பிடித்த தகரங்களைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் என் மனைவியின் தம்பி வந்து, பெற்றோல்மக்ஸ் விளக்கில் சுவாலை எரியும் மென்டில் வலைகள் வந்த வெற்று உறைகளை மேசையில் கொட்டினான். எண்ணினேன். ஒன்பது.

“ஒரு கிழமைக்குள்ள ஒன்பது, அத்தான். பத்த வெச்சு அரை மணித்தியாலம் நிக்குதில்ல, ஒரு பக்கம் ஓட்டை விழுந்து போகுது. மத்த ஆக்கள் இறால் அள்ளுறாங்க. நான் இருட்டுக்குள்ள தோணியில குந்திக்கிட்டிருக்கன். நண்டும் என்னப் பாத்துச் சிரிக்குது.”

“விளக்குக் கழுத்த நான் திருத்தித்தானே தந்தன்?”

“திருத்தின பிறகுதான் இந்தக் கூத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி வராட்டி காத்தான்குடியில முஸ்லிம் காக்கா ஒராள் செய்யிறாராம், அவரிட்ட குடுப்பன்.”

முப்பத்திரண்டு வருடம் தொழிற்பயிற்சிப் பள்ளியில் கடைசல் வேலை படிப்பித்தவனுக்கு இதைச் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் உறைகளை மறுபடியும் எண்ணினேன். ஒன்பதுதான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இரவில் வாவியில் இறங்கக்கூடாது என்ற தடையால் அவன் வருடக் கணக்காகக் கல்லுடைத்துப் பிழைத்தான். யுத்தம் முடிந்து தடை தளர்ந்ததும் எல்லோரும் பரணிலிருந்து பெற்றோல்மக்ஸ் விளக்குகளை இறக்கினார்கள். மண்ணெண்ணெய் ஆவியாகி மேலே ஏறும் பித்தளைக் குழாயின் கழுத்து பல விளக்குகளில் தேய்ந்து தளர்ந்திருந்தது. அதை இறுக்குவதுதான் என் வேலை. கைநெம்பு அழுத்தியில் எஃகு அச்சைப் பூட்டி, குழாயை அதற்குள் தள்ளினால் கழுத்து சுருங்கும். பிறகு நுனியில் உருண்டை வைத்த கம்பியை உள்ளிருந்து இழுத்தால் உள்விட்டம் சரியான அளவுக்கு விரியும். கழுத்து மயிரிழை கோணினாலும் ஆவி நேராகப் பாயாது. சுவாலை ஒரு பக்கமாய்க் கடிக்கும், மென்டில் கிழியும். நான் திருத்திய கழுத்துகள் எல்லாமே கோணின. அவனுடையது மட்டுமல்ல, இன்னும் ஆறு பேர் விளக்குடன் திரும்பி வந்திருந்தார்கள்.

என் கடைசல் இயந்திரம் சுனாமியோடு போயிற்று. சேற்றுக்குள்ளிருந்து மீட்டது, மயிரிழைக் கோணலையும் முள் ஆட்டிக் காட்டும் ஒரு டயல் கேஜ் மட்டும். பெட்டியோடு எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்தேன். அழுத்தி, பிறகு வந்த ஒரு உதவி அமைப்பு தந்தது. வேலை இல்லாமல் நான்கு வருடம் சாக்கு மூடிக் கிடந்தது.

முதலில் உருண்டைக் கம்பியைத்தான் குற்றம் சொன்னேன். எண்ணெய் போதாமல் இழுத்தால் பித்தளை பிடித்துக்கொண்டு கழுத்தைத் தன் பக்கம் சாய்க்கும். உருண்டையைத் தேய்த்து மினுக்கினேன், எண்ணெய் விட்டேன். கோணல் அப்படியே இருந்தது. குழாயின் சுவர் ஒரு பக்கம் தடிப்போ என்று நினைத்து நான்கு புதுக் குழாய்கள் வாங்கினேன். அவையும் கோணின. புதன் முழுவதும் இப்படிப் போனது. மனைவி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, “அந்தக் கம்பியோட சண்ட பிடிச்சது போதும், சாப்பிடுங்க” என்றாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை காலையில் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒவ்வொரு படியையும் தனித்தனியாக அளந்தேன். புதுக் குழாயைத் தாங்கிகளில் கிடத்தி மெல்ல உருட்டினால் டயல் முள் இரண்டு கோடு ஆடியது. அச்சுக்குள் தள்ளி, உருண்டை போடாமலே வெளியே எடுத்து உருட்டினேன். பத்தொன்பது கோடு. ஆகவே உருண்டை குற்றவாளி அல்ல. அடுத்த குழாயில் பேனாவால் ஒரு கோடு கீறி, அந்தக் கோடு சுவர்ப் பக்கம் இருக்கத் தள்ளினேன். மற்றொன்றிலும் கோடு கீறி, அது சன்னல் பக்கம் இருக்கத் தள்ளினேன். கோடு எங்கே இருந்தாலும் கழுத்து சாய்ந்தது சன்னல் பக்கம்தான். குழாயிலும் பிழை இல்லை. அழுத்தியில்தான் பிழை.

அச்சைத் தாங்கும் கட்டையின் இரண்டு திருகாணிகளையும் கழற்றித் தூக்கினேன். கீழே ஒரு தகட்டின் ஓரம். நன்கொடை தந்தவர்களின் பெயரும் கொடியும் பொறித்த தகடு! அதைப் பூட்ட வேறு துளை போடச் சோம்பல்பட்டு, இருக்கிற ஆணியிலேயே ஒரு ஓரத்தைக் கட்டைக்கு அடியில் செருகி இறுக்கியிருக்கிறார்கள். கட்டை அந்த ஓரத்தில் தூக்கி, அச்சு சன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. அழுத்தியைத் தந்த அன்று மாலையிட்டுப் படம் எடுத்தவர்களில் ஒருவனும் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. தகடு படத்தில் விழுந்தால் போதும். நானும் கழற்றவில்லை. தகட்டைக் கழற்றினவனுக்கு அடுத்த உதவி இல்லை என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். தோணியில், கிணற்றில், கக்கூஸ் கதவில்கூடத் தகடு இருந்தது, ஒருவரும் தொடமாட்டார்கள்.

தகட்டை எடுத்துவிட்டுக் கட்டையை இறுக்கி ஒரு குழாயைத் தள்ளினேன். மூன்று கோடு. உருண்டையை இழுத்த பிறகும் மூன்று. மச்சானின் விளக்குக்குப் புதுக் கழுத்துப் போட்டு, மற்ற ஆறையும் தொடங்கினேன்.

அப்போதுதான் பயனாளிகள் சங்கத்தின் செயலாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னிடம் படித்தவர்.

“சேர், திங்கக்கிழம இந்த அழுத்தி தந்தவங்க பாக்க வாறாங்க. அவங்க பாத்துட்டுத்தான் உங்கட கூரைக்கு முழுத் தகரமும் குடுப்பாங்க. தகடு எங்க?”

சுவரில் சாய்த்து வைத்திருந்ததைக் காட்டினேன்.

“என்ன சேர் இது! பழைய இடத்தில பூட்டுங்க. அவங்கட படத்தில இருக்கிற மாதிரி இருக்கணும்.”

“பூட்டினா கழுத்துக் கோணும்.”

“திங்கக்கிழம மட்டும் பூட்டுங்க. மறுகா கழட்டுங்க.”

“திங்கக்கிழம அவங்களுக்கு வேல செஞ்சு காட்டணுமா, இல்லையா?”

“ஓம், காட்டணும்.”

“அப்ப கோணக் கழுத்துச் செஞ்சு காட்டவா?”

“அவங்களுக்கு அது விளங்குமா சேர்?”

இந்தக் கேள்விதான் என் இரத்தத்தைக் கொதிக்க வைத்தது. விளங்காது என்பதற்காகக் கோணலாகச் செய்யலாமாம். இதையா நான் அவருக்குப் படிப்பித்தேன்? தகட்டைக் கம்பியில் கோத்து அழுத்தியின் கைப்பிடியில் தொங்கவிட்டேன். “படத்தில விழும். போங்க,” என்றேன்.

வெள்ளி இரவு மச்சான் தோணி விட்டான். விடிய வந்தவன் ஒரு பை இறாலை மனைவியிடம் கொடுத்துவிட்டு, “ஒரே மென்டில், அக்கா. இன்னும் நிக்குது,” என்று அவளிடம்தான் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

திங்கட்கிழமை வந்தார்கள். கச்சான் காற்றில் தகடு கைப்பிடியோடு மோதி டங் டங் என்று அடித்தது. நான் ஒரு கழுத்தை அழுத்தி, டயலில் உருட்டி, மூன்று கோட்டைக் காட்டினேன். அதிகாரி முள்ளைப் பார்க்கவில்லை, தகட்டைப் பார்த்தார். “தகடு அகற்றப்பட்டுள்ளது” என்று எழுதிக்கொண்டார். கூரைப் பட்டியலில் என் பெயர் வரவில்லை.

மாரிக்கு முன் கூரையை என் காசில் போட்டேன். தகரம், மரம், ஆணி, கூலி எல்லாம் முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது. கோணல் கழுத்தால் ஏழு பேருக்கும் கிழிந்த முப்பத்தொரு மென்டில்களுக்கு, ஒன்று நாற்பத்தைந்து வீதம், நான் திருப்பிக் கொடுத்தது ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஒரு தகடு ஒரு கட்டைக்கு அடியில் இருந்ததற்கும், அதை எடுத்ததற்கும், மொத்தம் நாற்பதாயிரத்து நூற்று முப்பத்தைந்து ரூபாய்.