திருச்சி போகும் வழியில் பிறந்த மகள்

இலங்கையின் பதுளையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தலைப்பிரசவத்துக்காக மனைவி செல்லம்மாளைத் திருச்சியில் தாய்வீட்டில் விடப் புறப்பட்டேன். ரயிலுக்கும் தூத்துக்குடிக் கப்பலுக்கும் ஆகும் நாட்களைக் கணக்கிட்ட நான், பண்டாரவளை ஸ்டேஷன்வரை மாட்டுவண்டி மலையேற வேண்டியதை யோசிக்கவில்லை.

பாதி வழியில் மழையில் பாதை சரிந்து வண்டி நின்றது. அவளுக்கு வலி கண்டுவிட்டது. பதறிப்போய்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். கொழுந்துக்கூடையை இறக்கிக்கொண்டிருந்த மாரியாயி என்பவர், "பயப்படாதீங்க ஐயா, இங்கேயே கூட்டியாங்க" என்று தான் குடியிருந்த காம்பரா அறையையே ஒழித்துக் கொடுத்தார். பிரசவமும் அவரே பார்த்தார். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

"கப்பல்ல வலி எடுத்திருந்தா என்னங்க செஞ்சிருப்போம்?" என்று செல்லம்மாள் கேட்டாள்.

தாயும் சேயும் சுகம். இப்போதெல்லாம் திருச்சிப் பயணம் பற்றி யார் கேட்டாலும், கூட வருவது பிள்ளைத்தாய்ச்சியா என்று முதலில் விசாரிக்கிறேன். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முதல் சேலை மாரியாயி அக்காவுக்குத்தான் போகிறது.