நிலாவில் காற்று இல்லை

ரத்தினசாமிக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. ஹனூர்ப் பக்கத்தில் அவன் அப்பாவுக்குக் கேழ்வரகுக் காடு இருந்தது. ஏர் பிடித்து ஒரு சால் போய்த் திரும்புவதற்குள் அடுத்த ஊரில் என்ன நடக்கிறதோ என்று அவனுக்கு மனசு அரிக்க ஆரம்பித்துவிடும். கொள்ளேகாலத்தில் பட்டுக் கடையில் கொஞ்ச காலம் இருந்தான். அப்புறம் ஒரு நாடகக் கம்பெனியோடு சுற்றினான். எங்கேயும் தரிக்கவில்லை. கடைசியில் மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லா ஓரத்து மைதானத்தில் சென்னப்பன் என்பவர் போட்டிருந்த பயாஸ்கோப் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான்.

படம் பேசாத காலம் அது. திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, கன்னடத்தில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் ஜனங்களுக்குக் கதை சொல்வதுதான் அவன் வேலை. நடுநடுவே திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தை அவனுக்குப் படிக்கத் தெரியாது. முதல் நாள் யாராவது படித்துச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் அவன் கைச்சரக்கு. அழ வேண்டிய இடத்தில் அவன் குரல் உடைந்தால் கொட்டகையே மூக்கைச் சிந்தும்.

அந்த வருஷம் கோடையில் சென்னப்பன் சீமையிலிருந்து வந்த படம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் பனைமர உயரத்துக்கு ஒரு வாணத்தைச் செய்து, அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்து திரி கொளுத்திச் சந்திரனுக்குப் போகிறார்கள். போய் இறங்கி ஒரு கொடியை நடுகிறார்கள். கொடி படபடவென்று அடித்துக்கொள்கிறது. சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

வாணம் கிளம்பியதும் ஜனங்கள் எழுந்து நின்று கூவினார்கள். "நம்ம சீரங்கப்பட்டணத்து வாணம்தாண்டா! திப்பு சுல்தான் விட்டதைப் பார்த்து வெள்ளைக்காரன் செஞ்சிருக்கான்!" என்று ஒருவர் தொடையைத் தட்டினார். சந்திரன் சாமியாயிற்றே, மேலே செருப்புக் காலை வைக்கலாமா என்று சிலர் முனகினார்கள். பெண்கள் பக்கத்தில் வேறு விதமான சந்தேகம். வாணமாவது போகட்டும், ஒரு குடும்பத்துப் பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு மூன்று ஆம்பிளைகளோடு ஊர் விட்டு ஊர் போவாளா? இந்த ஒன்றைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை.

இரண்டாம் நாள் கொடி பறக்கும் இடம் வந்தபோது பெஞ்சி வரிசையில் ஒருவர் எழுந்தார். கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் விபூதி.

"நிறுத்தும் ஓய்! சந்திரனில் காத்தே கிடையாது. கொடி எப்படி ஆடறது?"

கொட்டகை அவர் பக்கம் திரும்பியது. ரத்தினசாமி தயங்கவில்லை. குழலை அவர் பக்கம் நீட்டி, "காத்து இல்லாட்டி என்னுங்க சாமி? போறவங்க ஆளுக்கொரு மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க!" என்றான். சிரிப்பு கூரைத் துணியைத் தூக்கியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளும் வந்தார். "காத்து இல்லாத இடத்தில் சுருட்டு எப்படிப் பத்தும்?" என்று கேட்டார். அதற்கு மறுநாளும் வந்தார். ஊரில் பேச்சுப் பரவி, படத்தைவிட இந்தச் சண்டையைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஒரு பாதி "உட்காருங்க சாமி" என்றது, மறு பாதி "கேளுங்க சாமி, விடாதீங்க" என்றது. சென்னப்பனுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் ரத்தினசாமிக்கு ஏதோ சரியில்லாமல் போயிற்று. நாலாம் நாள் ஒரு நையாண்டியை அவிழ்த்துவிட்டு அவரைப் பார்த்தான். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அதில் கோபம் இல்லை. பந்தியில் இலை போட்டுச் சோறு விழாதவன் முகம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு கொடி வரும் இடத்தில் அவன் நாக்கு இடறியது. சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் மண்டி மொஹல்லாச் சந்துகளில் காரணமில்லாமல் நடந்தான். காற்று இல்லை என்றால் என்ன அர்த்தம்? எங்கே போயிற்று? இல்லாத இடம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு கிருஷ்ணமூர்த்திபுரத்துக்குப் போய்விட்டான். அவர் பெயர் கணபதிராமன். காலேஜில் விஞ்ஞான வாத்தியார்களுக்குச் சோதனைக் கருவிகளை எடுத்து வைத்துக் கொடுக்கும் உத்தியோகம். கதவைத் திறந்த அவர் மனைவி அன்னபூர்ணி வந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களைக் கேலி பண்றாரே, அந்தக் கொட்டகைக்காரர் வாசல்ல நிக்கறார்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பாதி முகம் சவரம் செய்து, பாதி முகம் சோப்பு நுரையோடு கணபதிராமன் வந்தார்.

"ஆத்துக்கே வந்து சிரிக்கணுமா?"

"இல்லீங்க சாமி. ஒண்ணு கேக்கோணும். படம் பொய்யின்னு தெரியுது. அப்புறம் எதுக்குங்க தெனமும் வாரீங்க?"

அவர் நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"போகணும்னு ஆசை ஓய்" என்றார். "சின்ன வயசிலேர்ந்து. என்னைக்கோ ஒரு நாள் யாரோ போகத்தான் போறா. நான் போகமாட்டேன், தெரியும். படத்திலயாவது ஒழுங்காப் போனா என்ன? மைசூரிலேர்ந்து இதோ இருக்கற நஞ்சன்கூடு போற மாதிரி காட்டறான். வயிறு எரியறது."

மறுநாள் அவனைக் காலேஜுக்கு வரச் சொன்னார். ஆள் உயரக் கண்ணாடிக் குழாய் ஒன்று. உள்ளே ஒரு காலணாவும் ஒரு புறா இறகும். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார். காசு டக்கென்று விழுந்தது, இறகு ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. பிறகு ஒரு பம்பை மாட்டி, வேர்க்க வேர்க்க இழுத்து உள்ளே இருந்த காற்றை எடுத்தார். மறுபடி கவிழ்த்தார்.

காசும் இறகும் சேர்ந்து விழுந்தன. இறகு ஒரு கல்லைப்போல விழுந்தது.

"இன்னொருக்கா" என்றான் ரத்தினசாமி.

இன்னொரு தரம் கவிழ்த்தார். இறகு அப்படி விழக்கூடாது, விழுகிறது. வெளியே வந்து நடக்கும்போது முகத்தில் காற்றுப் பட்டது. பிறந்ததிலிருந்து படுகிற காற்றுதான். அன்றைக்குத்தான் அவனுக்கு அது படுகிறது என்று தெரிந்தது. அதை யாராவது பம்பு வைத்து இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்ததும் நடை வேகமாகி, ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அன்று மாலை ஆட்டத்தில் கொடி வந்தது. ரத்தினசாமி குழலை எடுத்தான். "அம்மா, ஐயா, இந்தக் கொடி பறக்கறது பொய்யிங்க. அங்க காத்து இல்லை. நூல் கட்டி இழுத்திருக்காங்க" என்றான்.

சீட்டியும் கூச்சலும் கிளம்பின. "பொய்யைப் பார்க்கவா கூப்பிட்டே?" என்று தரை டிக்கெட்டுப் பக்கத்திலிருந்து மண்ணாங்கட்டி ஒன்று பறந்து வந்து திரையில் விழுந்தது. சென்னப்பன் ஓடி வந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை விற்கும் மல்லம்மா. படம் வந்த நாளிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் பார்ப்பவள்.

"காத்து இல்லேன்னா அந்தப் பொண்ணு எப்படிப்பா உயிரோட இருக்கா? அதைச் சொல்லு!" என்றாள் கன்னடத்தில்.

கூச்சல் அடங்கியது. இந்தக் கேள்வியை ரத்தினசாமி யோசித்திருக்கவில்லை. திரையில் அந்தப் பெண் பாறைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

"மூச்சை அடக்கிக்கிட்டு ஓடறா, தாயி" என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. "வாணத்தை விட்டு எறங்கறப்ப ஒரு வாய் இழுத்தா. அம்புட்டுதான் அவகிட்ட இருக்கறது. திரும்பிப் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ஒரு வாய்தான். பாருங்க, கால் தடுக்குது. எந்திரி தாயி, எந்திரி. வாணம் தூரத்துல நிக்குது பாரு…"

கூட்டம் முழுவதும் அவளோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கோடை வெக்கை, அடைத்த துணி, பீடிப் புகை. அவள் வாணத்தின் கதவை எட்டவும், முன் பெஞ்சியில் இருந்த மிட்டாய்க் கடைக் கரியப்பன் கண் செருகிச் சாயவும் சரியாக இருந்தது.

"செத்துட்டாரு!" என்று யாரோ அலறியதுதான் தாமதம், கூட்டம் சிதறியது. பெஞ்சிகள் உருண்டன. கூடாரக் கம்பு ஒன்று சாய்ந்து, திரை நடுவில் கிழிந்து தொங்கியது. முகத்தில் சோடாவை அடித்ததும் கரியப்பன் கண் விழித்தார். "அந்தம்மா போய்ச் சேர்ந்தாளா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

சென்னப்பனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கிழிந்த திரையைக் காட்டி, "பொய் சொல்லச் சொன்னேன், சொல்லலை. உண்மையைச் சொன்னே, கூடாரம் போச்சு. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே" என்றார்.

மறுநாள் ரத்தினசாமி தன் மூட்டையோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். எந்த வண்டிக்கு என்று அவனுக்கே தெரியவில்லை. கணபதிராமன் குடையை வீசிக்கொண்டு பிளாட்பாரத்தில் வேகமாக வந்தார். சமாதானம் சொல்ல வருகிறார் என்று நினைத்தான்.

"மூச்சை அடக்கினா போறாது ஓய்!" என்றார் வந்ததும் வராததுமாக. "நேத்து என்னால வர முடியலை, இன்னைக்கு மார்க்கெட் பூராவும் இதே பேச்சு. வெளியில காத்து இல்லேன்னா உள்ளே அடைச்ச காத்து நெஞ்சைக் கிழிச்சுண்டு வந்துடும். ஓடறதாவது! ஏன் ஓய் இப்படித் தப்பாச் சொன்னீர்?"

ரத்தினசாமிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வண்டிகள் போயின. காலேஜில் கழித்துப்போட்ட பம்பு ஒன்றும், விளிம்பு உடைந்த குழாய் ஒன்றும் ஏலத்தில் எடுத்து வீட்டில் போட்டிருக்கிறேன் என்றும், அன்னபூர்ணி அவற்றைத் தூக்கி எறியச் சொல்லி உயிரை எடுக்கிறாள் என்றும் கணபதிராமன் சொன்னார். மாலை வண்டி கிளம்பியபோது வைக்கோல் சுற்றிய அந்தக் குழாய் ரத்தினசாமியின் மடியிலும் பம்பு அவன் காலடியிலும் இருந்தன.

அடுத்த சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலையில் கடை போட்டான். காட்டு வழியாக நடந்து வந்த ஜனம் தமிழும் கன்னடமுமாக அவனைச் சூழ்ந்துகொண்டது. குரல்தான் இருக்கிறதே. நிலாவைப் பற்றிச் சொன்னான், பம்பை இழுத்தான், குழாயைக் கவிழ்த்தான். இறகு கல்லாக விழுந்தது.

"கண்கட்டு வித்தை" என்றார் ஒரு பெரியவர். "இறகுக்குள்ள ஈயம் வெச்சிருக்கான்" என்றார் இன்னொருவர். ரத்தினசாமி குழாயைத் திறந்து காட்டினான். இறகை அவர்கள் கையிலேயே கொடுத்தான். ஊதிப் பார்த்தார்கள், பறந்தது. "நல்ல வித்தைக்காரன்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். வாணத்தில் ஏறி நிலாவுக்குப் போனதை ஒரு நாளில் நம்பிய ஜனம், கண் முன்னால் விழுந்த இறகை நம்பவில்லை. அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனாலும் மறுபடி பம்பை மாட்டினான். அப்படியே வருஷங்கள் ஓடின. குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு, கொள்ளேகாலம் என்று சந்தை சந்தையாகப் போனான். படம் பேச ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது அவன் ஏதோ ஒரு தேர்த்திருவிழாவில் இருந்தான். போய்ப் பார்க்கக்கூட நேரமில்லை.

ஒரு மலைத் திருவிழாவில், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள். எல்லோரும் போன பிறகு கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, காத்தே இல்லாத ஊர்ல புள்ளைக்குத் தாலாட்டுப் பாடினா அதுக்குக் கேக்குமா?"

அவனுக்குத் தெரியவில்லை. "இரு தாயி, கேட்டுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றான். திருவிழா இன்னும் பாதிகூட முடியவில்லை. குழாயை வைக்கோலில் சுற்றிப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்தான். கொள்ளேகாலம் வரை கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு, அங்கிருந்து பஸ் பிடித்து மைசூருக்குப் போனான். நரைத்துப் போயிருந்த கணபதிராமன் கேள்வியைக் கேட்டதும் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

"கேக்காது" என்றார். "அவ வாய் அசையறதுதான் தெரியும். யார் ஓய் இதைக் கேட்டது?"

அவன் மலைக்குத் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. அந்தப் பெண் எந்த ஊர், என்ன பெயர் என்று விசாரித்துக்கூட வைத்திருக்கவில்லை. பிறகு எத்தனையோ வருஷம் அவளை எல்லாத் திருவிழாக்களிலும் தேடினான், அகப்படவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் போகிற ஊரிலெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு போனான்.